மலைக்காற்றைப் படித்த ட்ரோன்

கடையில் வாங்கிய ட்ரோனுக்கு இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனையைத் தெரியாது. தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மேலேறி, ஹோல்புறூக், டயகம என்று நீளும் இந்தத் தேயிலைத் தோட்டங்களில் வீசுவது கொழும்புக் காலிமுகத்திடல் கடற்காற்று இல்லை. உயரம் 1500 மீட்டரை ஒட்டியது. காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட 13, 14 சதவீதம் குறைவு. அதே இறக்கை அதே எடையைத் தூக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். பெட்டரியும் அதற்கேற்பச் சீக்கிரம் இறங்கும். அதோடு விட்டதா? காலை வெயிலில் சரிவு சூடேறியதும் பள்ளத்துக் காற்று மேலே ஏறும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து கீழே இறங்கும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் சுழித்துக்கொண்டு விழும். மூடுபனி இறங்கிவிட்டால் எதிர் லயம்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட இடத்தில் நான்கு மோட்டார்களை ஒரு சட்டத்தில் பூட்டி, அதை நிமிர்த்தி நிறுத்தும் மூளையையும் தானே எழுதிப் பறக்கவிட ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், "ரெடிமேடா ஒண்ணு வாங்கினா போச்சு" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். சமவெளியில் இருப்பவர் வாங்கிப் பறக்கவிடட்டும். மலையில் இருப்பவர்தான் அந்த மூளையைத் தானே எழுதிப் பார்க்க வேண்டும். இங்கே காற்று எப்படி, சரிவு எத்தனை பாகை, மண் எங்கே வெடித்திருக்கிறது என்பதெல்லாம் அந்த மூளைக்குள் போக வேண்டிய விஷயங்கள். அவற்றை அறிந்தவர்கள் இந்த மலையில்தான் இருக்கிறார்கள்.

அந்த மூளைக்கு ஃப்ளைட் கன்ட்ரோலர் என்று பெயர். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு சர்க்கிட் பலகை.

1922: இரண்டு அகதிகள்

நான்கு இறக்கை கொண்ட பறக்கும் யந்திரம் புதிய சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு நூறு வயது கடந்துவிட்டது. ரஷ்யாவில் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு அமெரிக்கா போனவர் ஜோர்ஜ் டி பொத்தேசாத். அமெரிக்க இராணுவத்துக்காக அவர் கட்டிய நாலு சுழலி ஹெலிகொப்டர் 1922 டிசம்பர் 18 அன்று ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தரையை விட்டு எழும்பி 1 நிமிடம் 42 வினாடி நின்றது. ஓர் ஆளின் உயரம்தான் எழும்பியது. பிறகும் பல தடவை பறந்தது. ஆனால் அதை ஓட்டுபவரின் பாடு பெரும்பாடு. நான்கு மூலைகளையும் ஒரே சமயத்தில் கவனித்து, ஒன்று தாழும்போது அதைத் தூக்கி, மற்றது எழும்பும்போது அதைத் தாழ்த்தி, மனிதக் கையால் எத்தனை நேரம் சமாளிக்க முடியும்? 1924இல் இராணுவம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

அதே 1922இல், அதேபோல ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த இன்னொருவர் கப்பலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிக்கொலஸ் மினோர்ஸ்கி அவர் பெயர். கப்பலில் சுக்கான் பிடிக்கும் அனுபவசாலி என்ன செய்கிறார் என்று அவர் கூர்ந்து கவனித்தார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் பார்த்து அவர் சுக்கானைத் திருப்புவதில்லை. எவ்வளவு வேகமாக விலகிக்கொண்டிருக்கிறது என்றும் பார்க்கிறார். கொஞ்ச நேரமாகவே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதா என்றும் பார்க்கிறார். இந்த மூன்றையும் மினோர்ஸ்கி கணிதமாக்கினார். விலகலின் அளவு, விலகல் சேர்ந்துகொண்டே வந்த மொத்தம், விலகலின் வேகம். மூன்றையும் தனித்தனி எண்ணால் பெருக்கிக் கூட்டினால் சுக்கானை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று வந்துவிடும். நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். மாலுமிகளுக்கு அது பிடிக்காததால் கடற்படை அதை அப்போது ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒருவரிடம் யந்திரம் இருந்தது, அதை அடக்கும் கணக்கு இல்லை. மற்றவரிடம் கணக்கு இருந்தது, அது கப்பலுக்குப் போனது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று உலகத்தில் பறக்கும் ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது மினோர்ஸ்கியின் அந்த மூன்று எண்கள்தான். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் 'பி.ஐ.டி.' என்பார்கள். அக்கரப்பத்தனைப் பிள்ளை எழுதப் போகும் புரோகிராமின் நெஞ்சும் அதுவே.

விளையாட்டுப் பொருளுக்குள் இருந்த புதையல்

கணக்கு கிடைத்தாலும் சாய்வை அளக்க ஒரு கருவி வேண்டும். ஏவுகணையிலும் விமானத்திலும் இருந்த ஜைரோ பெரியது, விலை கூடியது. அதைச் சிலிக்கன் துண்டுக்குள் சுருக்கியபோதுதான் கதவு திறந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு எடை உள்ளே அதிர்ந்துகொண்டே இருக்கும். பலகை சுழன்றால் அந்த அதிர்வு ஒரு பக்கம் விலகும். எவ்வளவு விலகுகிறது என்பதை மின்சாரமாக அளந்தால் சுழற்சியின் வேகம் தெரிந்துவிடும். இந்தச் சில்லுகள் கைத்தொலைபேசிக்கும் வீடியோ கேமுக்கும் வந்ததும் விலை சரிந்தது.

நின்டெண்டோ கம்பனியின் 'வீ' விளையாட்டுக் கருவிக்குள்ளும் இப்படிப்பட்ட சிலிக்கன் உணரிகள் இருந்தன. 2007இல் ஜோர்டி முனோஸ் என்ற மெக்சிகோ இளைஞர் கலிபோர்னியாவில் நிரந்தர வதிவிடப் பத்திரத்துக்காகக் காத்திருந்தார். பத்திரம் வரும்வரை வேலைக்கும் போக முடியாது, படிக்கவும் முடியாது. வீட்டில் இருந்தபடி அந்த விளையாட்டுக் கருவியின் உணரியைக் கழற்றி, ஒரு பொம்மை ஹெலிகொப்டரைத் தானாக நிமிர்ந்து பறக்க வைத்தார். பிறகு கிறிஸ் அன்டர்சனோடு சேர்ந்து 2009இல் தொடங்கிய 3டி ரொபோட்டிக்ஸ் கம்பனியின் வழியாக 'ஆர்டுபைலட்' என்ற ஃப்ளைட் கன்ட்ரோலர் உலகமெங்கும் பரவியது. பத்திரம் இல்லாமல் கைகட்டி இருப்பது என்னவென்று மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் தழும்பு முழுதாக ஆற 2003 வரை ஆனது. முனோஸின் கதையை நான் இங்கே சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

2010இல் பிரான்ஸைச் சேர்ந்த அலெக்சாந்தர் துபுஸ் அதே விளையாட்டுக் கருவியின் உணரிகளை அர்டுயினோ பலகையோடு இணைத்து 'மல்ட்டிவீ' என்ற புரோகிராமை எழுதி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லோரென்ஸ் மையர் தொடங்கிவைத்த வேலையிலிருந்து 'பிக்ஸ்ஹோக்' பலகை வந்தது. மல்ட்டிவீயின் வழிவந்த கிளீன்ஃப்ளைட், பீட்டாஃப்ளைட் என்பவை இன்று பந்தய ட்ரோன்களை ஓட்டுகின்றன. இவை எல்லாம் திறந்த புத்தகங்கள். யாரும் வாசிக்கலாம், மாற்றலாம். ஒரு பாடசாலை மாணவர் மல்ட்டிவீயின் பழைய புரோகிராமை வரிவரியாக வாசித்தாலே பாதிப் படிப்பு முடிந்தது என்பது என் எண்ணம்.

நமக்குக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் சென்னை குரோம்பேட்டை. சி. ராஜம் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னொலொஜியில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். அங்கே பேராசிரியர் கே. செந்தில்குமார் வழிகாட்டலில் மாணவர்கள் கட்டிய 'தக்‌ஷா' அணி, அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான தார்பா 2012இல் நடத்திய போட்டியின் இறுதிக் களத்துக்கே போனது. கண்ணுக்கு எட்டாத தூரம் பறந்து, ஓரிடத்தில் போய் அமர்ந்து, மணிக்கணக்காகக் கண்காணித்துத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. எந்த அணியாலும் அதை முழுமையாகச் செய்ய முடியவில்லை. பரிசுப் பணம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. 2018இல் நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தபோது அதே தக்‌ஷா அணி அவுஸ்திரேலியாவில் மருத்துவ உதவிக்கான ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. படச் செய்தியாக அது மலையகத்திலும் பலருக்குத் தெரியும். அதன் பின்னால் இருந்த பல வருட ஆய்வுகூட உழைப்பைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

மேசை மேல் நடப்பது

சட்டத்தின் நான்கு முனைகளில் நான்கு மோட்டார்கள். இரண்டு வலமாகச் சுழலும், இரண்டு இடமாக. எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே திசை. ஏன் இந்த ஏற்பாடு? ஓர் இறக்கை வலமாகச் சுழலும்போது அதன் எதிர்விசை சட்டத்தை இடமாகத் திருப்பும். இரண்டு சோடியும் சமமாக இருந்தால் அது அடிபட்டுப்போகும். முகத்தைத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு சோடியைக் கொஞ்சம் கூட்டி மற்றதைக் கொஞ்சம் குறைத்தால் போதும். முன்னால் போக வேண்டுமென்றால் பின் மோட்டார்களைக் கூட்டினால் மூக்கு தாழும், யந்திரம் முன்னே நகரும். வால் இல்லை, சுக்கான் இல்லை. நான்கு வேகங்கள் மட்டும்தான்.

ஆனால் அது தானாக நிமிர்ந்து நிற்காது. விளக்குமாற்றை விரல் நுனியில் நிறுத்தும் பிள்ளை கையை அசைத்துக்கொண்டே இருப்பதுபோல, கன்ட்ரோலர் ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை மோட்டார் வேகங்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 16 மெகாஹேர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் நினைவகமும் மட்டுமே உள்ள அர்டுயினோ ஊனோ பலகையாலேயே இதைச் செய்ய முடியும். 4 மில்லி வினாடிக்கு ஒரு சுற்று, அதாவது வினாடிக்கு 250 தடவை. ஒவ்வொரு சுற்றிலும் உணரியை வாசி, சாய்வைக் கணக்கிடு, ரிமோட் என்ன கேட்கிறது என்று பார், மூன்று எண்களால் பெருக்கு, நான்கு மோட்டார்களுக்கும் கட்டளை அனுப்பு. அவ்வளவுதான் முழுப் புரோகிராமும். தேவையற்றதை ஒதுக்கி எழுதினால் சில நூறு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

எம்.பி.யூ.6050 என்ற உணரிச் சில்லு கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலேயே கிடைக்கும். அதைப் பலகையில் சொல்டர் செய்து, கணினித் திரையில் எண்களை ஓடவிட்டுப் பாருங்கள். மேசையில் அசையாமல் கிடக்கும்போதும் ஜைரோ பூச்சியம் காட்டாது. இருபது, முப்பது என்று ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். வாயால் ஊதிச் சூடேற்றினால் அந்த எண் மெல்ல நகரும். குளிர்ந்த பலகையை வெளியே எடுத்துப்போனால் திரும்பவும் நகரும். இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவருக்குத்தான் ஏன் பறக்குமுன் ட்ரோனைத் தரையில் அசையாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்பது விளங்கும். அந்தச் சில வினாடிகளில் புரோகிராம் ஓரிரண்டாயிரம் தடவை ஜைரோவை வாசித்து, சராசரி எடுத்து, பிறகு வரும் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதைக் கழித்துக்கொள்கிறது. அக்கரப்பத்தனையில் விடியற்காலைக் குளிரில் பெட்டரியை மாட்டிய உடனே சராசரி எடுத்துவிட்டால், பலகை சூடேறியதும் கணக்கு பிசகும். பலகைக்கு இரண்டு நிமிடம் சூடேற நேரம் கொடுத்துவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் ட்ரோனிலும் இந்தக் கணக்கு நடக்கிறது, ஆனால் மூடிய பெட்டிக்குள் நடப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

ஜைரோ சுழற்சி வேகத்தைச் சொல்லும், சாய்வைச் சொல்லாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டக் கூட்டச் சிறு பிழையும் சேர்ந்து பெரிதாகும். அதே சில்லில் இருக்கும் இன்னோர் உணரியான அக்சலரோமீட்டருக்குப் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று தெரியும், ஆனால் மோட்டார் அதிர்வில் அது தடுமாறும். ஆகவே பெரும்பகுதி ஜைரோவை நம்பி, ஒரு சிறு துளி அக்சலரோமீட்டரைச் சேர்த்துக்கொள்வார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது செபாஸ்டியன் மாட்விக் 2010இல் இதற்கு எழுதிய அழகான கணக்கு முறை இன்றும் பலராலும் பயன்படுத்தப்படுகிறது. தொடக்கத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நூறில் ஒன்றிரண்டு பங்கு கலந்தாலே போதும்.

அதிர்வைக் குறைப்பதுதான் கைவேலை. இறக்கையைக் கழற்றி ஒரு மெல்லிய கம்பியில் கோர்த்துக் கிடையாக வைத்தால் எந்தப் பக்கம் கனம் என்று அது தானாகத் தாழ்ந்து காட்டும். கனம் குறைந்த பக்கத்தில் சிறு துண்டு செலோடேப்பை ஒட்டுங்கள். எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும்வரை ஒட்டிக் கழற்றி, ஒட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டும். பொறுமையில்லாதவர் இதைத் தாண்டிப் போவார். பிறகு புரோகிராமில் பிழை தேடுவார்.

பழக வந்தவர்களுக்கு ஏற்றது மோட்டாருக்கு மோட்டார் 450 மில்லிமீட்டர் அகலச் சட்டம், 10 அங்குல இறக்கை, மூன்று செல் லித்தியம் பொலிமர் பெட்டரி. எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட வரும். பத்து நிமிடம் பறக்கும். உதிரிப்பாகங்கள் ஒரு மாதத் தோட்டக் கூலியை விழுங்கிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒன்று, ஒரு வாசிகசாலைக்கு ஒன்று என்று கூட்டாகக் கட்டுவதே நியாயம்.

மூன்று எண்களைப் பொருத்தும் வேலை கயிற்றில் கட்டித்தான் தொடங்க வேண்டும். இறக்கையில்லாமல் எல்லா மோட்டாரும் சரியான திசையில் சுழல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 10 அங்குல இறக்கை நிமிடத்துக்கு 5000 சுற்றை ஒட்டிச் சுழலும்போது விரலைத் துண்டாக்கும். அதில் விளையாட்டு வேண்டாம். முதல் எண் குறைவாக இருந்தால் யந்திரம் சோம்பலாகச் சாயும், கூடினால் நடுங்கும். மூன்றாவது எண் அந்த நடுக்கத்தை அடக்கும், ஆனால் அதிகமானால் மோட்டார் கையில் தொட முடியாதபடி சுடும். இரண்டாவது எண் பெட்டரி ஒரு பக்கம் தள்ளியிருந்தாலோ, ஒரே பக்கமிருந்து காற்று தள்ளினாலோ ஈடுகொடுக்கும். கொழும்பில் பொருத்திக்கொண்டு வந்த எண்கள் இங்கே மெத்தனமாகத் தெரியும். காற்று மெலிந்திருப்பதால் அதே கட்டளைக்கு இறக்கை தரும் உந்துதல் குறைவு. மலையில் பறப்பதற்கு மலையில்தான் எண்களைப் பொருத்த வேண்டும்.

சரிவு தெரியாத உயரமானி

மலையில் ட்ரோன்கள் எங்கே போய் மோதுகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் சொந்த மலையிலேதான். உயரத்தை அளக்க உள்ளே ஒரு காற்றழுத்த உணரி இருக்கும். அது புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லும். கீழே இருக்கும் தேயிலைச் செடிக்கு எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது. 30 பாகைச் சரிவை நோக்கி 40 மீட்டர் கிடையாகப் பறந்தால் நிலம் 23 மீட்டர் எழும்பி வந்துவிடும். 20 மீட்டர் உயரத்தில் பத்திரமாகப் பறப்பதாக எண்ணியிருக்கும் யந்திரம் நேராகக் கொழுந்து மலைக்குள் புகுந்துவிடும். சிக்னல் போனால் வீடு திரும்பும் ஏற்பாடும் அப்படித்தான். ஒரு குறித்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் திரும்பும். இடையில் ஒரு முகடோ யூகலிப்டஸ் தோப்போ இருந்தால் அங்கேயே முடிந்தது.

இன்னொன்று. அக்கரப்பத்தனை உயரத்தில் ஒரு மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் 10 பாஸ்கல்தான் குறைகிறது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு காற்று வீச்சு உணரியின் வாயில் நேராக மோதினால் 12 பாஸ்கலுக்கு மேல் கூட்டிக் காட்டும். அதாவது ஒரு சாதாரணக் காற்று வீச்சு உயரமானியை ஒரு மீட்டருக்கு மேல் ஏமாற்றிவிடும். யந்திரம் தாழ்ந்துவிட்டதாக எண்ணி எழும்பும். காற்று ஓய்ந்ததும் திடீரென்று இறங்கும். உணரியின் மேல் ஒரு துண்டு மெல்லிய ஸ்பொஞ்சை வைத்து மூடினால் பாதி நோய் தீர்ந்துவிடும். மீதியை அக்சலரோமீட்டரோடு கலந்து கணக்கில் தீர்க்க வேண்டும். மூடுபனியில் ஈரம் உணரிக்குள் படிந்தால் இந்த வைத்தியமும் பலிக்காது. பனி இறங்குகிறது என்றால் இறக்கிவிடுவதே வழி.

புரோகிராம் நம் கையில் இருந்தால் இவற்றையெல்லாம் நாமே எழுதிச் சேர்க்கலாம். திரும்பும்போது முதலில் எதிர்மலையின் முகட்டு உயரத்துக்கு ஏறு, பிறகு நகர் என்று சொல்லலாம். இறங்கும்போது வந்த வழியே திரும்பு என்று சொல்லலாம். மலைக்குள் இருந்து பார்த்தால் வானத்தில் பாதியை மலையே மறைத்துவிடும், செயற்கைக்கோள்கள் குறைந்துவிடும். எட்டுக்குக் குறைவாக இருந்தால் எழும்பாதே என்று கட்டளை எழுதலாம். ஹோல்புறூக்கில் எந்த மேட்டில் நின்றால் எத்தனை மணிக்குக் காற்று திரும்பும் என்று கொழுந்து பறிக்கும் அக்காவுக்குத் தெரியும். அந்த அறிவை யந்திரத்தின் கணக்குக்குள் கொண்டுவர சீனாவின் ஷென்சென்னில் இருந்து ட்ரோன் செய்யும் பொறியியலாளரால் முடியாது.

பெட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லித்தியம் பொலிமர் பெட்டரி வீங்கினாலோ, குத்துப்பட்டாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றினாலோ தீப்பற்றும். அந்தத் தீயைத் தண்ணீர் ஊற்றி உடனே அணைக்க முடியாது. ஒரே கூரைக்குக் கீழே பத்து, இருபது குடும்பங்கள் வாழும் லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய தீ கோடி வீடுவரை போனதை மலையகம் பலமுறை பார்த்திருக்கிறது. சார்ஜ் ஏற்றுவது வாசலுக்கு வெளியே, கல்லின் மேல், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. அதேபோலக் குளிரில் இந்தப் பெட்டரி சோர்ந்துவிடும். பறக்குமுன் சட்டைப் பைக்குள் வைத்து உடம்புச் சூடு ஏற்றிக்கொள்வது நல்லது.

பறக்கவிட அனுமதியும் வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் ட்ரோன்கள் முற்றாகத் தடைசெய்யப்பட்டு, பிறகு கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்பட்டன. சிவில் விமான சேவைகள் அதிகார சபை எடைக்கேற்ப வகை பிரித்துப் பதிவு கேட்கிறது. ரிமோட்டின் அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தேவைப்படும். வீட்டில் கட்டியதென்றால் விதி பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். டயகமப் பக்கம் மேலே ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா. உலக மரபுரிமையில் சேர்ந்த காடு. அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பக்கூடாது. தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பாடசாலையின் பெயரில், ஓர் ஆசிரியரின் பொறுப்பில் விண்ணப்பித்தால் இந்த வேலைகள் எளிதாகும்.

எதைப் பார்க்க?

இப்படிக் கட்டிய ட்ரோன் எதற்கு? மருந்தடிக்க என்று சிலர் உடனே சொல்வார்கள். பத்து லீட்டர் தாங்கிச் சரிவில் மருந்தடிக்கும் யந்திரம் வேறு சாதி. அதைக் கம்பனிகள் பார்த்துக்கொள்ளட்டும். குளவிக் கூட்டைப் பார்க்கலாமே என்பார்கள். கொழுந்து மலையில் குளவிக் கொட்டுக்கு இரையானவர்களை நினைத்தால் அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் இறக்கைக் காற்றும் இரைச்சலும் கூட்டைக் கலைத்துவிட்டால் கீழே கொழுந்தெடுப்பவர்களுக்குத்தான் ஆபத்து. ஆட்கள் இல்லாத நாளில், எட்ட நின்று எடுக்கும் படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியாபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை சரிவுகள் இறங்கின, எத்தனை குடும்பங்கள் போயின என்பதை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. எச்சரிக்கை ஓர் அலுவலகத்திலும் வரைபடம் இன்னோர் அலுவலகத்திலும் இருக்க, மண்ணின் மேல் படுத்துறங்குபவர்கள் கையில் ஒரு படம்கூட இல்லாமல் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

50 மீட்டர் உயரத்தில் ஒரு சாதாரண 12 மெகாபிக்சல் கமெரா எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் சுமார் 2 சென்டிமீட்டர். ஒவ்வொரு படமும் முந்திய படத்தோடு முக்கால் பங்கு மேற்படியும்படி வரிசையாக எடுத்தால், ஓபன்ட்ரோன்மேப் போன்ற இலவச மென்பொருள் அவற்றைத் தைத்து மேடு பள்ளத்தோடு ஒரே வரைபடமாகக் கொடுத்துவிடும். ஒரு சாண் அகல வெடிப்பு அதில் தெளிவாகத் தெரியும். தேயிலை மூடியிருக்கும்போது தெரியாது. செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில்தான் மண் வெறுமையாகக் கிடக்கும். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தச் சில வாரங்களில், லயத்துக்கு மேல் உள்ள சரிவைப் படமெடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் பாதையோரம், கான் ஓரம், தேயிலை இல்லாத வெட்டை ஆகிய இடங்களைத் திரும்ப எடுத்து ஒப்பிடலாம்.

ஒப்பிடும்போது பார்க்க வேண்டியவை சில. முன்பு நேராக நின்ற மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? கான் வளைந்திருக்கிறதா? புதிதாக ஊற்றுக் கசிவு தெரிகிறதா? லயச் சுவரில் வந்த வெடிப்பும் மேலே மண்ணில் வந்த வெடிப்பும் ஒரே திசையில் ஓடுகின்றனவா? வெடிப்பின் இரு கரையிலும் இரண்டு முளைகளை அடித்து அவற்றின் இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைத்தால் படத்துக்குத் துணை கிடைக்கும். படங்களில் திகதியும் உயரமும் இருக்க வேண்டும். ஒரு பிரதி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு, ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு. நான்காவது பிரதி அந்த லயத்திலேயே இருக்கட்டும், கொப்பியில் ஒட்டி, அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் எடுத்துப் பார்க்கும்படியாக.